பிரேக் வேனிலிருந்து பேசுகிறேன்

கூட்ஸ் கார்டாக நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், டிரைவரோடு பேச என்னிடம் இருந்தவை ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, கைவிளக்கு, விசில். அவர் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இன்ஜின் ஹாரன். அவர் முன்னால் இன்ஜினில், நான் வண்டியின் கடைசியில் பிரேக் வேனில். எங்கள் இருவருக்கும் நடுவில் ஐம்பதுக்கு மேற்பட்ட வேகன்கள். ஸ்டேஷனில் வண்டிகள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனின் நீளத்தை 686 மீட்டர் என்று ரயில்வேயில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நீளமான கூட்ஸ் வண்டி கிட்டத்தட்ட அதை அடைத்துக்கொண்டு நிற்கும். வளைவில் கொடி தெரியாது. அடைமழையில் விளக்கு தெரியாது. எதிர்க்காற்று அடித்தால் ஹாரன் சத்தமும் கரைந்துதான் வந்து சேரும். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ள நடக்க வேண்டும். ஜல்லிக்கல்லில், இருட்டில், ஒவ்வொரு வேகனாக விளக்கடித்துப் பார்த்துக்கொண்டு நான் முன்னால் போவேன். உதவி டிரைவர் அங்கிருந்து பின்னால் வருவார். நடுவில் எங்கேயோ சந்தித்து, ஹோஸ் பைப் கழன்றிருந்ததா, கப்ளிங் விட்டிருந்ததா என்று பேசி, சரிசெய்து, மறுபடி அவரவர் இடத்துக்குத் திரும்பி நடப்போம்.

அந்த நடைக்கு ஆகும் நேரம் எவ்வளவு பெரியது என்பதை எங்கள் எல்லாருக்கும் உறைக்க வைத்த நாள் 1998 நவம்பர் 26. பஞ்சாபில் கன்னா அருகே அதிகாலை இருட்டில் தண்டவாளம் முறிந்து, ஃபிரான்டியர் மெயிலின் பெட்டிகள் தடம்புரண்டு பக்கத்து லைனில் விழுந்தன. சில நிமிடங்களில் அந்த லைனில் எதிரே வந்த ஜம்மு தாவி – சியால்தா எக்ஸ்பிரஸ் அவற்றின் மேல் மோதியது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பக்கத்து லைன் அடைபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது. சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டர்களை எடுத்துக்கொண்டு எதிர்வரும் வண்டியை நோக்கி ஓட வேண்டும். 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று வைக்க வேண்டும். நல்ல பகலில், காயம் எதுவும் படாத ஒரு இளைஞன் ஜல்லியில் ஓடினாலும் 1200 மீட்டரைக் கடக்கப் பல நிமிடங்கள் ஆகும். எதிர் வண்டி அதற்குள் வந்துவிட்டால்? கன்னாவைப் பற்றிப் படித்த நாட்களில், ஆவடியிலும் அரக்கோணத்திலும் டூட்டி முடிந்து டீக்கடையில் நின்றபோதெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

எனக்கு வாக்கி டாக்கி கையில் கிடைத்தபோது 2000 பிறந்திருந்தது. டூட்டிக்குச் சைன் ஆன் பண்ணும்போதே, ஊழியர்கள் பதிவு செய்யும் லாபியில் கையெழுத்துப் போட்டு செட்டையும், இன்னொரு பேட்டரியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். டிரைவருக்கும் கார்டுக்கும் 5 வாட் கைச் செட். ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் 25 வாட் செட், அதற்குக் கட்டடத்தின் மேலே உயரமான ஏரியல். கார்டு கொண்டுபோகும் லைன் பாக்ஸில் டெட்டனேட்டரும் கொடியும் விளக்கும் எப்போதும் போல இருந்தன. அவற்றோடு இது ஒன்று சேர்ந்தது. சேர்ந்ததே தவிர, அவற்றில் எதையும் இது விலக்கிவிடவில்லை. வாக்கியில் யார் என்ன சொன்னாலும் சிக்னல் சிவப்பாக இருந்தால் வண்டி நகரக் கூடாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். கையில் குரல் கேட்கும் கருவி வந்ததும் கண்ணால் பார்க்க வேண்டியதை விட்டுவிடும் ஆபத்து எந்த வேலையிலும் உண்டு.

செல்போன் வைத்திருப்பவர்களுக்கு வாக்கி டாக்கி எளிதாகத் தோன்றும். போனில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். நடுவில் மூன்றாமவர் இல்லை. எங்கள் செட்டில் எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பட்டனை அழுத்தினால் அவருடைய செட் பேசும் கருவியாகிவிடும். விடும்வரைக்கும் அதற்குக் காது கிடையாது. அவர் பேசும் நேரம் முழுக்கச் சுற்றுவட்டாரத்தில் மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் காலை எட்டு மணிக்கு எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். எக்ஸ்பிரஸ், கூட்ஸ், யார்டில் ஷன்டிங் என்று அத்தனை டிரைவர்களும் கார்டுகளும் ஒரே வழியில்தான் பேசியாக வேண்டும். அங்கே ஒருவர் பத்து விநாடி கூடுதலாகப் பேசினால், அந்தப் பத்து விநாடி வேறு யாருக்கோ தேவைப்பட்டதாக இருக்கலாம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு மூத்த கார்டு. அவர் சொல்லிக்கொடுத்த முறை பின்னால் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கேட்டதைவிட மேலானது.

“பட்டனை அமுக்கினதும் பேசிடாதே தம்பி. மனசுக்குள்ள ஒண்ணுன்னு எண்ணு. அப்புறம் பேசு. பேசி முடிச்சதும் மறுபடி ஒண்ணுன்னு எண்ணிட்டு விரலை எடு.”

இதற்குக் காரணம் உண்டு. பட்டனை அழுத்திய அந்தக் கணத்திலேயே அலை முழு வலிமைக்கு வந்துவிடாது. கேட்பவரின் செட்டிலும் ஸ்கெல்ச் என்று ஒரு கதவு இருக்கிறது. அலை இல்லாத நேரத்தில் இரைச்சல் வராமல் ஸ்பீக்கரை மூடி வைப்பது அதுதான். அலை வந்ததைக் கண்டு அது திறக்க ஒரு நொடியின் சிறு பங்கு ஆகும். அதற்குள் பேசிய எழுத்துகள் காற்றோடு போய்விடும். தமிழில் பேசினால் இந்த இழப்பு எங்கே கைவைக்கிறது என்று பாருங்கள். இருபது, அறுபது, எழுபது ஆகிய மூன்றிலும் முன்பகுதி போனால் கேட்பவருக்கு மிஞ்சுவது ‘பது’ மட்டும். அதனால்தான் எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும்: ஆறு, சைபர். ரயில்வேயில் ஆங்கில இலக்கங்களைத்தான் சொல்வோம்; டிரைவர் ஆந்திராக்காரராக இருக்கலாம், கேரளக்காரராக இருக்கலாம், பீகாரிலிருந்து வந்தவராக இருக்கலாம்.

பேச்சின் முன்பகுதி போவதைவிடக் கடைசிப் பகுதி போவது மோசம். தமிழில் ‘கூடாது’, ‘வேண்டாம்’, ‘இல்லை’ எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். “வண்டியை எடுக்க வேண்டாம்” என்று சொல்லும் ஒருவர் அவசரத்தில் விரலை முன்கூட்டியே எடுத்துவிட்டால், கேட்பவர் காதில் விழுவது “வண்டியை எடுக்க” என்பதுதான். அந்த மூத்தவர் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். எதிர்மறையாகச் சொல்லவே மாட்டார். “நில்லு” என்பார், “நிக்கணும்” என்பார், “நில்லு, நில்லு” என்று இரண்டு தரம் சொல்வார். ‘எடுக்காதே’ என்று ஒருபோதும் சொன்னதில்லை. அவரிடமிருந்து நான் பெற்றுக்கொண்டதில் மிகப் பெரியது இதுதான்.

இன்னொன்று, யாரைக் கூப்பிடுகிறோம், யார் கூப்பிடுகிறோம் என்ற இரண்டையும் முதலில் சொல்வது. வண்டி எண், டிரைவர், அடுத்து வண்டி எண், கார்டு, பிறகு சேதி, ‘ஓவர்.’ அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறுமனே ‘சரி’ என்றால் போதாது. கேட்டதையே திரும்பச் சொன்னால்தான், அவர் காதில் விழுந்தது எது என்று எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு ஸ்டேஷனில் இரண்டு கூட்ஸ் வண்டிகள் அடுத்தடுத்த லைனில் சிக்னலுக்காக நின்றிருந்தன. ஒன்றில் நான். இன்னொன்றின் கார்டு எண் எதுவும் சொல்லாமல், “எல்லாம் சரியா இருக்கு டிரைவர், கிளம்பலாம்” என்றார். பதில் சொன்னவர் என்னுடைய டிரைவர். குரல் தெளிவாக இருந்தது, தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று நம்புவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. நல்லவேளையாக, கிளம்ப அனுமதி தரும் எங்கள் ஸ்டார்ட்டர் சிக்னல் சிவப்பில் இருந்ததை அவர் கண் விடவில்லை. நான் உடனே வண்டி எண்ணோடு குறுக்கிட்டு, “நில்லுங்க, உங்க கார்டு நான் இன்னும் எதுவும் சொல்லல” என்றேன். அதற்குப் பிறகு அவரும் நானும் ஒன்றாகப் போன எந்த வண்டியிலும், எண் இல்லாமல் வந்த குரலுக்கு அவர் பதில் சொன்னதே இல்லை.

பட்டன் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கோடைப் பிற்பகலில் கண்டேன். திடீரென்று எல்லாச் செட்டிலும் இன்ஜின் உறுமல் மட்டும் கேட்க ஆரம்பித்தது. உறுமல், நடுவில் யாரோ இருமுவது, டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கும் சத்தம். ஏதோ ஒரு இன்ஜினில் வாக்கி இருக்கைக்கும் சுவருக்கும் நடுவில் நழுவி, பட்டன் அழுந்தியபடியே கிடந்திருக்கிறது. அதை அந்த இன்ஜின் டிரைவரிடம் சொல்ல முடியாது. அவர் செட் பேசிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கேட்காது. அவருக்குக் கிட்டத்தில் இருந்த எங்கள் யாருக்கும் பேச வழியில்லை. ஸ்டேஷன்களின் 25 வாட் குரல் நடுநடுவே அந்த உறுமலை அமுக்கிவிட்டு மேலே வந்து, உடனே மறைந்துபோனது. பண்பலையில் இரண்டு அலைகள் ஒரே நேரத்தில் வந்தால் வலுவானது மற்றதை விழுங்கிவிடும் என்று பயிற்சியில் சொன்னதை அன்று என் காதால் கேட்டேன். நான் பிரேக் வேன் வாசலுக்கு வந்து கொடியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அந்த நேரம் முழுக்க அந்தப் பகுதியில் எங்கள் வேலை கொடியாலும் ஹாரனாலும்தான் நடந்தது. கடைசியில் ஒரு ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன் ஒவ்வொரு இன்ஜினாக ஓடிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். இப்போது வரும் செட்களில் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ தொடர்ந்து பேசினால் தானாகவே நின்றுவிடும் ஏற்பாடு இருக்கிறது. அதை வேண்டாமென்று அணைத்து வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அணைக்காதீர்கள்.

ஒரே நேரத்தில் இருவர் பேசியதும் ஒரு காரணமான மிகப் பெரிய விபத்தை உலகம் 1977 மார்ச் 27-இல் கண்டது. கேனரித் தீவுகளில் டெனரிஃப் விமான நிலையத்தில் மூடுபனி. ஓடுபாதையில் கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டு கோபுரம் ‘பொறுங்கள்’ என்று சொன்ன அதே நொடியில், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று பான் அமெரிக்கன் விமானமும் பேசியது. கே.எல்.எம். விமானிகளின் காதில் அந்த இரண்டு சொல்லும் கலந்து ஒரு கீச்சொலியாகத்தான் விழுந்தன. இறந்தவர்கள் 583 பேர். விமான வானொலியின் முறை வேறு, எங்களுடையது வேறு. அதனால் அங்கே கீச்சொலி வந்தது. எங்கள் செட்டில் வலுவான குரல் மட்டும் கேட்கும், மற்றது காணாமலே போகும். எங்களுடையது ஒருவிதத்தில் இன்னும் ஆபத்தானது. கீச்சொலி வந்தால் ஏதோ தவறிவிட்டது என்றாவது தெரியும். இங்கே ஒருவர் பேசியதே தெரியாமல் போய்விடும். திருப்பிச் சொல்லச் சொல்வதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

வேலையில் இருக்கும்போதே திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டேன். சென்ட்ரலிலிருந்து 29 கிலோமீட்டர். வீட்டுக்கும் வேலைக்கும் ஒரே தண்டவாளம். பூசலார் நாயனார் மனசுக்குள் கோயில் கட்டிய ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக் கேட்கும்போது இப்போதும் பெருமையாக இருக்கும். அந்த ஊரைத் தாண்டி, அடுத்த ஸ்டேஷனான வேப்பம்பட்டு பக்கம் முகம் வைத்து, ஒரு இரவு என் வண்டி சிக்னலுக்காக நின்றிருந்தது. எதிர்ப்பக்கத்து லைனில் சென்னையை நோக்கி ஒரு கூட்ஸ் போனது. நின்றிருக்கும் வண்டியின் கார்டு, கடந்துபோகும் வண்டியைக் கண்ணால் சோதிக்க வேண்டும், அது கடமை. பாதி வண்டி போன பிறகு ஒரு வேகனுக்குக் கீழே பொறி பறந்தது. விளக்கை அடித்தேன். பிரேக் கம்பி ஒன்று அறுந்து தொங்கி, ஸ்லீப்பர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனது. அது எங்காவது தண்டவாளம் பிரியும் பாயின்டில் மாட்டினால் வேகன் கவிழும். கவிழ்ந்தால், நாலு லைன் ஓடும் இடம். முன்னால் திருநின்றவூர் பிளாட்பாரம், அங்கே கடைசி யூனிட் ரயிலுக்காக ஆட்கள் நின்றிருப்பார்கள்.

இன்ஜின் எப்போதோ போய்விட்டது. வண்டி எண் தெரியாது. எண் சொல்லாமல் கூப்பிடக் கூடாது என்று இவ்வளவு நேரம் எழுதினேனே, அந்த எண் இல்லாத நேரத்தில் இடத்தையும் திசையையும் பேராக வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணிவிட்டுப் பேசினேன்: “வேப்பம்பட்டு – திருநின்றவூர் நடுவில், சென்னை நோக்கிப் போகும் கூட்ஸ் டிரைவர், சென்னை நோக்கிப் போகும் கூட்ஸ் டிரைவர். நில்லுங்க, நில்லுங்க. நடு வேகனில் கம்பி தொங்குது. ஓவர்.” பதில்களாக இரண்டு மூன்று பேர் ஒன்றாகப் பேசியதில் ஒரு சொல்லும் முழுதாக வரவில்லை. பொறுத்திருந்து, “சென்னைப் பக்கம் போற கூட்ஸ் மட்டும் பேசுங்க, மத்தவங்க சும்மா இருங்க” என்றேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு குரல், வண்டி எண்ணோடு: “நிறுத்துறேன் கார்டு சார், நடு வேகன்ல கம்பி தொங்குது, நிறுத்துறேன்.” அவர் திருப்பிச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபோது எனக்குக் கால் நடுங்கியது. உடனே ஸ்டேஷன் மாஸ்டரும் உள்ளே வந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார், பக்கத்து லைன் வண்டிகளை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். ஒரே வழியில் எல்லாரும் பேசியாக வேண்டியிருப்பதை ஒரு தொந்தரவாக முன்னால் எழுதினேன். அன்று அதுதான் காப்பாற்றியது. நான் ஒருவரிடம் சொன்னதை, தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாரும் அந்த நொடியிலேயே தெரிந்துகொண்டார்கள். கன்னாவில் இல்லாதது இதுதான்.

செட்டைப் பிடிக்கும் முறையில் ஆட்கள் நிறையத் தப்பு செய்கிறார்கள். கத்த வேண்டியதில்லை, கத்தினால் மைக் தாங்காமல் குரல் உடைந்து போகும். வாயிலிருந்து நாலு விரல் அகலத்தில், சற்றுப் பக்கவாட்டில் வைத்து, எதிரில் இருப்பவரிடம் பேசும் அளவில் பேசினால் போதும். ஏரியல் நேராக நிற்க வேண்டும். படுக்க வைத்தால் எட்டும் தூரம் குறையும். இடுப்பு பெல்ட்டில் மாட்டியபடி பேசினால் பாதி அலையை நம் உடம்பே விழுங்கிக்கொள்ளும். ஏரியலைப் பிடித்துத் தூக்குகிறவர்கள் அது கழுத்தில் உடைவதைச் சீக்கிரம் பார்ப்பார்கள். ஏரியல் கழன்ற செட்டில் பட்டனை அழுத்தினால், வெளியே போக வேண்டிய சக்தி உள்ளேயே திரும்பி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். பேசும்போது ஏரியல் முனை கண்ணருகே, நெற்றியருகே படாமல் இருக்க வேண்டும். 5 வாட் சிறிது என்று நினைக்க வேண்டாம், கண்ணுக்கு அது சிறிதல்ல. மாற்றுப் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டால் முனைகள் உரசிச் சூடேறித் தீப்பிடிக்கும். எண்ணெய் சைடிங்கில் டேங்கர்கள் நிற்கும் இடத்தில் பேட்டரி மாற்றுவதோ, அதற்கென்று செய்யாத செட்டில் பேசுவதோ கூடாது.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப்படுவது நிற்கும் இடம். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. தொட வேண்டியதில்லை, மிக அருகில் போனாலே பாய்ந்துவிடும்; அதனால் இரண்டு மீட்டருக்குள் போகவே கூடாது. சிக்னல் சரியாக எட்டவில்லை என்று வேகன் ஏணியில் ஏறி, ஏரியலை மேலே நீட்டிப் பேசப் பார்ப்பவர்களைக் கீழே இழுத்துவிட வேண்டும். தரையிலும் அதே கவனம் வேண்டும். காதருகே ஒரு குரல் பேசும்போது மனம் அங்கே போய்விடும். பக்கத்து லைனில் வரும் வண்டியின் ஓசை கேட்டும் கேட்காது. இன்றைய மின்சார இன்ஜின்கள் எவ்வளவு அமைதியாக வருகின்றன என்பது தண்டவாளத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். செட்டில் என் பெயருக்குக் குரல் வந்தால், முதலில் லைனை விட்டு வெளியே ஓரமாக வந்து நிற்பேன், இரண்டு பக்கமும் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் பதில் சொல்வேன். டிரைவர் இரண்டு விநாடி காத்திருப்பார். திருநின்றவூர் ஸ்டேஷனில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு லைனைக் குறுக்கே தாண்டும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இன்றும் என் வாய் தன்னால் “நில்லு” என்று கத்துகிறது.

நான் கார்டாகவே ஓய்வு பெற்றவன். அதற்குப் பிறகுதான், 2022 ஜனவரியில், பதவியின் பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றினார்கள். ஓய்வுக்குப் பிறகு செட்டைத் தொடுவேன் என்று நினைக்கவில்லை. ஆனால் 2021 நவம்பர் மழையில் எங்கள் ஊர் ஏரியை ஒட்டிய நகர்களில் தண்ணீர் புகுந்தது. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, இருந்தவர்களுக்கும் லைன் கிடைப்பது அரிது. எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் இணையத்தில் வாங்கிய மலிவு வாக்கி செட்களோடு வந்து, “அங்கிள், நீங்க ரயில்வேல பேசினவராமே, இதை எப்படிப் பேசுறதுன்னு சொல்லிக் குடுங்க” என்றார்கள். செட்டைத் திருப்பிப் பார்த்தேன். 5 வாட், எந்த அலைவரிசைக்கு வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். போலீஸ், தீயணைப்பு, ரயில்வே, எங்கே வேண்டுமானாலும் போய் அழுத்தலாம். “இதை ஆன் பண்ணாதீங்க” என்றுதான் முதலில் சொன்னேன். ஆசைப்பட்டு வாங்கிய முகங்கள் வாடிப்போயின. ஆனால் ஒரு தெரியாத விரல் ரயில்வே அலையில் போய் ஒரு டிரைவரின் காதை அடைத்தால் என்ன ஆகும் என்று அறிந்தவன் வேறு என்ன சொல்ல முடியும்?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பேசக்கூடிய வாக்கிக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு சின்ன இடம் விட்டிருக்கிறார்கள், அதுவும் குறைந்த சக்தியில், வகை ஒப்புதல் பெற்ற செட்டில். அந்தப் பிள்ளைகள் கொண்டுவந்தது போன்ற செட்டுக்கு உரிமம் வேண்டும். அனுமதி விவரம் எதுவும் சொல்லாமல் செட்களை விற்றதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வாங்கும் பிள்ளைகளைவிட விற்பவர்களைக் கேட்டதுதான் சரி என்று நினைக்கிறேன். கூடுதலாகப் பேச விரும்பினால் ஹாம் வழி இருக்கிறது. பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் வரும் தேர்வை எழுதி அமெச்சூர் உரிமம் பெறலாம். முதல் நிலைக்கு வி.யு.3, மேல் நிலைக்கு வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது அந்தமானில் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி வேறொரு நிகழ்ச்சிக்காகக் கொண்டுபோயிருந்த வானொலியோடு போர்ட் பிளேரில் இருந்தார். தொடர்பெல்லாம் அறுந்து கிடந்த அந்த நாட்களில் தீவுகளின் சேதியை நிலப்பரப்புக்கு எட்ட வைத்தவர்களில் அவர் முதன்மையானவர். இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண் மட்டும் கண்ணை எடுக்காமல் கேட்டாள். பிறகு தேர்வுக்குப் படித்து எழுதி, வி.யு.3 குறி வாங்கிவிட்டாள்.

மற்றவர்களுக்கு 446 செட் வாங்கவைத்தேன். மொட்டைமாடியில் பாடம் நடந்தது. அரை வாட் செட் எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்டார்கள். வாட்டைவிட உயரம்தான் பேசும் என்று சொன்னேன். தரையில் நிற்பவனின் ரேடியோ தொடுவானம் ஏறக்குறைய ஐந்தாறு கிலோமீட்டர். ஒன்பது மீட்டர் மாடியில் ஏறினால் பன்னிரண்டு. நடுவில் வீடுகளும் மரங்களும் தடுப்பதால் கிடைப்பது அதில் கொஞ்சம்தான், ஆனாலும் ஏறினவனுக்குக் கூடுதலாகத்தான் கிடைக்கும். ஆகவே ஒருவர் எப்போதும் உயரமான வீட்டின் மாடியில், நனையாமல், நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு இருப்பார். தெருவில் இருப்பவர்கள் அவரோடு மட்டும் பேசுவார்கள். அவர்தான் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். வீட்டு எண்ணை இலக்கம் இலக்கமாக. இன்சுலின், பால், படகு, எதுவானாலும் யாருக்கு, எங்கே, எத்தனை மணிக்குள் என்ற மூன்றும் முதல் பேச்சிலேயே வந்துவிட வேண்டும். திருப்பிச் சொல்லாத சேதி சேராத சேதி. முதல் நாள் ஒரு பையன் சினிமாவில் போலீஸ்காரர் பேசுவது போல ‘ஓவர் ஓவர்’ என்று நாலு தரம் சொன்னான். நான் எதுவும் சொல்லவில்லை, அரை மணி நேரத்தில் தானாகவே ஒன்றாகக் குறைந்தது.

‘வர வேண்டாம்’ என்பதைத்தான் அவர்களிடமிருந்து எடுக்கச் சிரமப்பட்டேன். தண்ணீர் ஏறும் தெருவில் நிற்பவன், பின்னால் வருபவனிடம் “இந்தப் பக்கம் வர வேண்டாம்” என்று சொல்வது இயல்பு. அந்தச் சொல்லை வைத்தே அவர்களை மாடியில் இரண்டு பக்கம் பிரித்து நிறுத்தி, பேசி முடிக்கும் முன்பே பட்டனை விட்டுவிடச் சொன்னேன். “இந்தப் பக்கம் வர” என்று கேட்டதும் எதிரில் இருந்தவன் உண்மையாகவே இரண்டடி முன்னால் வந்தான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இப்போது எல்லாரும் “நில்லு, அங்கேயே நில்லு” என்கிறார்கள்.

செட்கள் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், மூன்று மாடியிலிருந்தும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்து, யாருக்கு எப்படிக் கேட்டது என்று நோட்டில் எழுதி, பேட்டரிகளைச் சார்ஜ் போட்டு எடுத்து வைக்கிறார்கள். அந்த நோட்டை ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது என் வேலை. சென்ற முறை ஒரு செட்டின் பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்; புதியது வாங்கச் சொல்லியிருக்கிறேன்.